அவரிடமே கேட்டீர்களா?

சிறப்புப் பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறியாளராகப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எல்லாம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், பீஹூன் பொட்டலத்தோடு ஓரமாக உட்காருவேன். யாராவது ஓர் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் வந்து அமர்வார்கள். முதலில் வானொலியைப் பற்றிப் பேச்சு. பிறகு பள்ளி, பேருந்து, விடுமுறை. எழுந்து போவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கேள்வி வரும்.

"எங்களுக்கு அப்புறம் இவன யாரு பாத்துக்குவா?"

என்னிடம் பதில் இருக்கும் என்று அவர்கள் கேட்பதில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருக்கிறது. அறிவுத்திறன் குறைபாடோ டௌன் சின்ட்ரோமோ ஆட்டிசமோ உள்ள பிள்ளையை வளர்க்கும் வீடுகளில், அந்தப் பிள்ளைக்கு 20 வயதைத் தாண்டிய பிறகு, இந்தக் கேள்வி வராத நாளே இருக்காது.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று பணம், வீடு, பராமரிப்பு பற்றியது. அதைப் பற்றி ஓரளவு பேசுகிறோம். இரண்டாவதை நாம் அதிகம் கேட்பதில்லை: இவருக்கு என்ன வேண்டும், எது வேண்டாம் என்பது நமக்குப் பிறகு யாருக்குத் தெரிந்திருக்கும்? இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

ஆறு நாள் மருத்துவமனை

எங்கள் புளோக்கில் ஓர் ஆன்ட்டி இருக்கிறார். வயது 64. கணவர் இல்லை. மகளுக்கு 31 வயது, டௌன் சின்ட்ரோம். சிறப்புத் தேவையுடையோருக்கான பணிமனை ஒன்றில் பொருள்களைப் பொட்டலம் கட்டும் வேலை செய்கிறார். சென்ற ஆண்டு ஆன்ட்டிக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. ஆறு நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டியதாயிற்று. மகளைப் பார்த்துக்கொள்ளச் சித்தி வந்து தங்கினார்.

பாசத்துக்குக் குறைவே இல்லை. மீன் குழம்பு, கோழிப் பிரட்டல் என்று தினமும் சமைத்தார். ஆனால் இரண்டாவது நாளிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார். "அம்மாவத் தேடுது, பாவம்" என்றோம் எல்லோரும். நான்காம் நாள் மாலை, மருத்துவமனையிலிருந்து வீடியோ அழைப்பில் வந்த ஆன்ட்டி தட்டைக் காட்டச் சொன்னார். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைத்திருந்தார் சித்தி.

"சோறு தனியா வைம்மா. குழம்பு சின்னக் கிண்ணத்துல. கலந்துட்டா தொடமாட்டா."

அன்றிரவு மகள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆன்ட்டி வீடு திரும்பிய பிறகு அவரைப் பார்க்கப் போனேன். முழங்கால் வலியைவிட இந்தச் சோற்று விஷயம்தான் அவரை அதிகம் வருத்தியிருந்தது. "31 வருஷமா எல்லாமே என் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. அவளுக்கா சொல்லத் தெரியல. நான் சொல்ல விட்டதே இல்லையே. அவ கேக்குறதுக்கு முன்னாடியே கிண்ணத்த எடுத்து வச்சிருவேன்" என்றார்.

தட்டைத் தள்ளி வைப்பதுதான் அந்த மகளுக்குத் தெரிந்த ஒரே 'வேண்டாம்'. அம்மா இருந்தவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை அவருக்குத் தேவைப்படவில்லை.

முடிவு யார் கையில்?

'தானே வழிநடத்தும் ஆதரவு' என்று ஓர் அணுகுமுறை உலகின் பல நாடுகளில் இப்போது இருக்கிறது. உதவி தேவைப்படும் ஒருவர், எந்த உதவி, யாரிடமிருந்து, எந்த நேரத்தில் என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டும். தனியாகத் தீர்மானிக்க முடியாவிட்டால், தீர்மானிப்பதற்கே அவருக்கு உதவி கிடைக்க வேண்டும். இதுதான் அதன் சாரம்.

ஸ்காட்லாந்து இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 2013-ல் நிறைவேறிய சட்டம் 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்கு என்ன உதவி தேவை என்று உள்ளூர் மன்றம் மதிப்பிட்டதும் அவருக்கு முன்னால் நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன. பணத்தை நேரடியாகப் பெற்று, தானே உதவியாளரை அமர்த்திக்கொள்ளலாம். எதை வாங்குவது என்று தான் சொல்ல, பணத்தை மன்றமோ வேறோர் அமைப்போ கையாளலாம். எல்லாவற்றையும் மன்றமே ஏற்பாடு செய்யட்டும் என்று விடலாம். அல்லது இந்த மூன்றையும் கலந்து வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவும் 2013-ல் தொடங்கிய தேசிய உடற்குறைக் காப்புறுதித் திட்டத்தின்கீழ், ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திட்டமும் நிதியும் ஒதுக்கி இதே திசையில் போகிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? வாரம் ஐந்து நாளும் பகல் நேர நிலையத்தில் உட்கார்ந்திருக்க விரும்பாத ஒருவர், இரண்டு நாள் நிலையத்துக்குப் போகலாம். மற்ற நாள்களில் ஓர் உதவியாளரோடு நீச்சல் குளத்துக்கோ சந்தைக்கோ போகலாம்.

குறைகளும் உண்டு. கணக்கு வைக்க வேண்டும். உதவியாளர் விடுப்பு எடுத்தால் மாற்றாளைத் தேட வேண்டும். நன்றாகப் பேசவும் எழுதவும் தெரிந்த குடும்பம் கூடுதலாகப் பெறுகிறது. தயங்கும் குடும்பம் பின்தங்குகிறது. கையில் நிதி இருந்தும், வேலைக்கு ஆள் கிடைக்காத ஊரில் அந்த நிதியால் பயனில்லை.

சிங்கப்பூரில் அரசாங்க உதவியின் பெரும்பகுதி, சேவை வழங்கும் அமைப்புகளின் வழியாகக் கட்டணக் கழிவாகவே குடும்பங்களைச் சேர்கிறது. ஆகவே ஸ்காட்லாந்தின் நான்கு வழிகளை நாளைக்கே இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்தச் சிந்தனையின் மையமான 'அவரிடமே கேள்' என்பதற்கு எந்த மன்றத்தின் ஒப்புதலும் வேண்டாம். நம் சட்டமே அதைத்தான் சொல்கிறது.

21-ல் மாறுவது என்ன?

பல பெற்றோருக்கு இது தாமதமாகத்தான் தெரிய வருகிறது. பிள்ளைக்கு 21 வயது நிறைந்த பிறகு, பெற்றோர் என்ற காரணத்தால் மட்டும் அவருக்காகச் சட்டப்படி முடிவெடுக்க முடியாது. வங்கிக் கணக்கு, சொத்து, சில மருத்துவ முடிவுகள் என்று வரும்போது, டெபுட்டி எனப்படும் பிரதிநிதியாகத் தங்களை நியமிக்கும்படி நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம். சிறப்புப் பள்ளியில் படிப்பவர்களின் பெற்றோருக்கு இந்த விண்ணப்பத்தில் உதவ ஒரு திட்டமும் இருக்கிறது. பள்ளியின் சமூக ஊழியரைக் கேட்டால் சொல்வார்.

டெபுட்டி விண்ணப்பம் வரை தெரிந்தவர்களுக்கும், அதற்கு அடிப்படையான சட்டத்தின் கொள்கைகள் பெரும்பாலும் தெரிவதில்லை. மென்டல் கெப்பாசிட்டி ஆக்ட் எனப்படும் இந்தச் சட்டம் 2008-ல் நிறைவேறி 2010-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஐந்து கொள்கைகளை வீட்டுத் தமிழில் சொல்கிறேன்.

ஒன்று, ஒருவரால் முடியாது என்று நிரூபிக்கப்படும்வரை, அவரால் முடிவெடுக்க முடியும் என்றே கொள்ள வேண்டும். இரண்டு, அவர் தானே முடிவெடுப்பதற்கு நடைமுறையில் சாத்தியமான எல்லா உதவியையும் செய்து பார்க்காமல், முடியாது என்று சொல்லக்கூடாது. மூன்று, ஒருவர் எடுத்த முடிவு புத்திசாலித்தனமாக இல்லை என்பதாலேயே, முடிவெடுக்கும் ஆற்றல் அவருக்கு இல்லை என்று ஆகாது. நான்கு, அவருக்காக எடுக்கும் முடிவு அவர் நலனுக்கானதாக இருக்க வேண்டும். ஐந்து, அவருடைய உரிமையையும் சுதந்திரத்தையும் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தேவையில்லாத பொருளைத் தள்ளுபடி என்பதற்காக வாங்குகிறோம். இனிப்பு கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகும் தே தாரிக் குடிக்கிறோம். நமக்கு இருக்கும் அந்தச் சலுகை அவர்களுக்கும் உண்டு என்கிறது சட்டம்.

நீதிமன்றம் டெபுட்டியாக நியமித்துவிட்டாலும், கேட்கும் கடமை முடிந்துவிடாது. அந்த நபரின் விருப்பங்களையும் உணர்வுகளையும் கருத்தில் எடுக்க வேண்டும்; முடிவெடுப்பதில் அவரையும் முடிந்தவரை பங்கேற்கச் செய்ய வேண்டும்.

எட்டு விநாடி மௌனம்

வானொலியில் எங்களுக்குப் பெரிய எதிரி மௌனம். மூன்று விநாடி சத்தமில்லை என்றாலே கை தானாகப் பொத்தானைத் தேடும்.

நேயர் விருப்ப நேரத்தில் ஒருநாள் ஓர் அம்மா அழைத்தார். மகனுக்கு 26-ஆவது பிறந்தநாள், ஆட்டிசம் உள்ளவர். இளையராஜாவின் பழைய பாடல் ஒன்றைக் கேட்டார். "மகன்கிட்ட ஒரு வாழ்த்து சொல்லலாமா?" என்றேன். "சரியாப் பேசமாட்டான்மா" என்று தயங்கியபடியே தொலைபேசியைக் கொடுத்தார்.

வாழ்த்துச் சொன்னேன். "உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?" என்று கேட்டேன். பதில் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் அம்மா ஏதோ எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். பேசாமல் காத்திருந்தேன். எட்டு விநாடி இருக்கும்.

"அனிருத்."

அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பாடல் ஓடும்போது அவரே சொன்னார்: "ராஜா பாட்டு எனக்குப் புடிச்சதும்மா. நான் கேக்கும்போது அவனும் கூட உக்காந்திருப்பான். அதனால அவனுக்கும் அதான் புடிக்கும்னு நெனச்சுட்டேன்."

பலருக்கு ஒரு கேள்வியைக் கேட்டு, புரிந்துகொண்டு, பதிலை வார்த்தையாக்க நம்மைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. பதில் இல்லை என்று நாம் முடிவுகட்டுவது பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான்.

பாதுகாப்புக்காகத்தானே?

"வெளியுலகம் தெரியாத பிள்ளை. யாராவது ஏமாத்திட்டா? அதனாலதான் எல்லாத்தையும் நாங்களே பாத்துக்குறோம்." இதைச் சொல்லாத பெற்றோர் இல்லை. பயம் நியாயமானது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எதைக் கொடுத்தாலும் சாப்பிட வேண்டும், யார் கூப்பிட்டாலும் போக வேண்டும், பெரியவர்கள் தொட்டால் சும்மா இருக்க வேண்டும் என்று 30 ஆண்டுகள் பழகிய ஒருவர், தப்பான எண்ணத்தோடு ஒருவர் நெருங்கும்போது என்ன செய்வார்? வீட்டில் ஒருமுறைகூட எடுபடாத 'வேண்டாம்', வெளியில் திடீரென்று வாயில் வருமா? கத்திரிக்காய் வேண்டாம் என்று சொல்லி, அதை வீட்டில் எல்லோரும் மதித்த அனுபவம் உள்ளவருக்கு, 'என்னைத் தொடாதே' என்று சொல்வது கொஞ்சமாவது எளிதாக இருக்கும். நடந்ததை அம்மாவிடம் வந்து சொல்லவும் வாய் வரும்.

எங்கிருந்து தொடங்குவது?

சட்டையிலிருந்து தொடங்கலாம். இரண்டு சட்டைகளைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். "என்ன போட்டுக்கறீங்க?" என்ற வெறும் கேள்வியைவிட, கண்ணுக்கு முன்னால் இருக்கும் இரண்டு பொருள்களில் ஒன்றைக் காட்டுவது எளிது. சிலர் கடைசியாகக் கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். "மைலோவா, காப்பியா?" என்றால் காப்பி; "காப்பியா, மைலோவா?" என்றால் மைலோ. வரிசையை மாற்றி இன்னொரு முறை கேட்டால் தெரிந்துவிடும். பேச்சு வராதவர்களுக்குப் படங்கள் உதவும். கைப்பேசியில் அவர் போகும் இடங்களையும் சாப்பிடும் உணவுகளையும் படம் எடுத்து வைத்தாலே போதும். முகத்தைத் திருப்புவதும் காதைப் பொத்துவதும்கூடப் பதில்தான்.

அடுத்தது பணம். நம் ஆன்ட்டி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மகளின் பணிமனைப் படித்தொகையிலிருந்து வாரம் 20 வெள்ளியை அவர் கையிலேயே கொடுக்கத் தொடங்கினார். முதல் வாரம், ஒரே மாதிரியான சாவிக்கொத்துத் தொங்கல்கள் நான்கு வீட்டுக்கு வந்தன. காசு தீர்ந்தது. புதன்கிழமை பபிள் டீ வாங்க வழியில்லை. ஆன்ட்டிக்குக் கை துடித்திருக்கிறது, கொடுக்கவில்லை. மூன்றாவது வாரம் கடையில் நின்றுகொண்டு மகள் கேட்டாராம், "மிச்சம் எவ்ளோ?" என்று. அதைச் சொல்லும்போது ஆன்ட்டியின் குரலைக் கேட்டிருக்க வேண்டும். நான்கு வயதில் மகள் நடக்கத் தொடங்கிய கதையைக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. மருந்து, சாலை, நெருப்பு இவற்றில் காவல் வேண்டும். ஆனால் தவறினாலும் 20 வெள்ளிக்கு மேல் போகாத இடங்கள் ஒரு நாளில் எத்தனையோ இருக்கின்றன. பழக்கம் அங்கே வரட்டும்.

தலையிலிருப்பதைத் தாளில்

பணத்தைப் பொறுத்தவரை இங்கே நல்ல ஏற்பாடுகள் உள்ளன. எஸ்என்டிசி எனப்படும், சிறப்புத் தேவையுடையோருக்கான பொறுப்புநிதி நிறுவனத்தில் குறைந்தது 5,000 வெள்ளியுடன் ஒரு நிதியைத் தொடங்கலாம். அந்தப் பணத்தைப் பொதுப் பொறுப்பாளர் அலுவலகம் நிர்வகிக்கிறது. அசலுக்கு அரசாங்கம் உத்தரவாதம் தருகிறது. பெற்றோர் தங்கள் மத்திய சேம நிதியிலிருந்து, தங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைக்கு மாதம் குறைந்தது 250 வெள்ளி கிடைக்கும்படி ஏற்பாடு செய்யும் சேமிப்புத் திட்டமும் உண்டு.

நிதியைத் தொடங்கும்போது பராமரிப்புத் திட்டம் ஒன்றைத் தயாரிப்பார்கள். பெற்றோரின் விருப்பங்களைச் சொல்லும் கடிதம் ஒன்றும் எழுதச் சொல்வார்கள். படிவம் நிரப்பும் வேலை என்று நினைத்து இதை அவசரமாக முடித்துவிடாதீர்கள். ஆன்ட்டியின் தலைக்குள் மட்டும் இருந்தது தாளுக்கு வரவேண்டிய இடம் இதுதான்.

நோயின் பெயரும் மருந்தின் அளவும் மருத்துவமனைப் பதிவில் இருக்கும். நீங்கள் எழுத வேண்டியது வேறு. சோறும் குழம்பும் தனித்தனியாக வேண்டும். மின்விசிறி மூன்றில் ஓடினால்தான் தூக்கம் வரும். இடி இடித்தால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், ஆனால் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா போக வேண்டும். 'ம்' என்று இரண்டு முறை சொன்னால் வேண்டாம் என்று பொருள். இதை எழுதும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் அவரிடம் காட்டி, சரியா என்று கேளுங்கள். ஆன்ட்டி வீட்டில் அப்படி ஒரு தாள் இப்போது குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது. அதில் மூன்று வரிகள் மகள் திருத்தியவை. அவற்றில் ஒன்று: வெண்டைக்காய் பிடிக்காது. 31 வருடமாகச் சாப்பிட்டு வந்தது அது.

அந்தத் தாளை ஒருவர் மட்டும் அறிந்திருந்தாலும் போதாது. 'எனக்கு அப்புறம் அக்கா பாத்துக்குவா' என்று ஒரே பிள்ளையின் தோளில் வைத்துவிடுகிறோம். அந்த அக்காவோ தங்கையோ இப்போது 28 வயதில் வேலை, வீவக வீடு, திருமணம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் சிலர் அந்த இடத்தில் இருப்பீர்கள் என்று தெரியும். உங்களிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னால் எது முடியும், எது முடியாது என்று நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். ஒரு சித்தப்பா வாரம் ஒருமுறை உணவங்காடிக்கு அழைத்துப் போகலாம். அம்மாவின் தோழி ஒருவர் மாதக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி இருக்கலாம். நான்கைந்து பேருக்கு அவரைத் தெரிந்திருந்தால், ஒருவர் போனாலும் எல்லாம் போய்விடாது.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. 30 வயதுக்காரர் எதிரில் நிற்கும்போது, "இவன் சாப்பிட்டானா?" என்று அவர் அம்மாவிடம் கேட்கிறோம். அவர் வயதுள்ள மாமா மகனை "வாங்க, உக்காருங்க" என்கிறோம். இவருக்கு மட்டும் 'அவன்', 'பாப்பா', 'குட்டி'. பெற்றவர்கள் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும். அது அவர்கள் உரிமை. மற்ற நாம், அவர் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா? என்ன வேணும்?" என்று கேட்கலாம்.

இந்த வாரக் கடைசியில் எத்தனையோ கல்யாண விருந்துகள் இருக்கும். பந்தியில் அப்படி ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், பாயசமா ஐஸ்கிரீமா என்று அவரிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு எட்டு விநாடியாவது காத்திருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.